அரசுப் பள்ளி நேரத்தை நீட்டச் சொல்லும் இயக்கம் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன், அரசுப் பள்ளிகளின் நேரத்தை நீட்ட வேண்டும் என்று ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து பேச ஆரம்பித்தோம். முதல் கூட்டத்தில் கரும்பலகையில் "தினமும் ஒரு மணி நேரம் கூடுதல்" என்று எழுதி, கீழே கோடு போட்டோம். வந்திருந்த பெற்றோர் எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த கணக்கு ஆசிரியை ஒருவர் மட்டும் எழுந்து, "சரி, அந்த ஒரு மணி நேரத்தை யார் எடுப்பாங்க? நான்தான்னா, அதுக்கு நான் எப்ப தயார் பண்றது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பலகையில் எழுதிய அந்த வாசகத்தை மாற்றிக்கொள்ள எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது.

பள்ளி நேரம் கூட வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமே இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி விட்ட பிறகும் படிப்பு தொடர்கிறது. டியூஷன் இருக்கிறது, இசை வகுப்பு இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்கிறது. இன்னொரு பிள்ளைக்குக் கடைசி மணி அடித்ததும் எல்லாம் முடிந்துபோகிறது. ஆண்டுக்கு 180 நாள், நாளுக்கு 6 மணி நேரம் நடக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். தினமும் ஒரு மணி நேரம் கூடினால் ஆண்டுக்கு 180 மணி நேரம், அதாவது 30 பள்ளி நாட்கள். ஆறு ஆண்டு அங்கே படிக்கும் பிள்ளைக்கு முழுதாக ஒரு கல்வியாண்டே கூடுதலாகக் கிடைத்துவிடும். இந்தக் கணக்குதான் எங்களை இதற்குள் இழுத்தது.

ஆனால் அதே ஒரு மணி நேரத்தை இன்னொரு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். நிர்வாகத்துக்கு எது சுலபம்? எட்டுப் பாடவேளைக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது. அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பாடவேளைக்கும் ஏழரை நிமிடம். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த ஆசிரியர் உள்ளே வந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து, "நேத்து எங்க விட்டோம்?" என்று கேட்பதற்குள் அந்த ஏழரை நிமிடம் போய்விடும். பிள்ளைகள் பள்ளியில் ஒரு மணி நேரம் அதிகமாக இருந்திருப்பார்கள், படித்தது அதே அளவாக இருக்கும். 1963இல் ஜான் கேரல் என்ற அமெரிக்க உளவியலாளர் கற்றலை நேரத்தின் கணக்காக வைத்து ஒரு மாதிரியை எழுதினார். கால அட்டவணையில் ஒதுக்கிய நேரம் வேறு, பிள்ளை உண்மையில் பாடத்தில் மனம் வைத்திருக்கும் நேரம் வேறு என்ற பேச்சு அதிலிருந்துதான் வளர்ந்தது. அட்டவணையை மட்டும் நீட்டிய அரசுகள் ஒவ்வொன்றாக இதைத் தெரிந்துகொண்டன.

ஆகவே, இப்படி ஓர் இயக்கத்தை முன்னின்று நடத்தப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வடிவத்தில் கேட்பது என்பதைத்தான். உலகில் இதுவரை நடந்ததைப் பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன. நான்கையும் நாங்கள் மாதக்கணக்கில் விவாதித்தோம்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே சட்டம்

கேட்பதற்கு நன்றாக இருப்பது இதுதான். எந்தப் பிள்ளையும் விடுபடாது, முழக்கம் சுருக்கமாக இருக்கும், அரசியல்வாதிக்கும் மேடையில் சொல்ல வசதி.

1997இல் சிலி இதைச் செய்தது. அதுவரை அங்கே பல பள்ளிகள் ஷிப்ட் முறையில் நடந்தன. காலையில் ஒரு கூட்டம், மதியம் அதே கட்டடத்தில் இன்னொரு கூட்டம். முழுநாள் பள்ளிச் சட்டம் வந்ததும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு 30 ஆக இருந்த பாடவேளைகள் 38 ஆயின. இரண்டு ஷிப்டை ஒன்றாக்க வேண்டுமானால் பாதிப் பிள்ளைகளுக்கு வேறு வகுப்பறை கட்டியாக வேண்டும். கட்டடம் எழுந்த வேகத்தில்தான் திட்டமும் நகர்ந்தது, கெடு தள்ளித் தள்ளிப் போனது. மதிப்பெண்ணில் கிடைத்த முன்னேற்றம் சிறியது. ஆனால் ஆய்வாளர்கள் வேறு ஒன்றைக் கண்டார்கள்: முழுநாள் பள்ளி வந்த பகுதிகளில் பதின்வயதுப் பெண்கள் கர்ப்பமாவது குறைந்தது, இளைஞர்கள் குற்றங்களில் சிக்குவதும் குறைந்தது. பிள்ளை மாலை வரை பாதுகாப்பான இடத்தில் இருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. கூடவே இதையும் சொல்ல வேண்டும். 2006இல் சிலி மாணவர்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கியபோது, முழுநாள் பள்ளியைச் சீர்திருத்த வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. நேரத்தைக் கூட்டினீர்கள், அந்த நேரத்தில் எங்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பிள்ளைகளே கேட்டார்கள்.

டென்மார்க் வசதியான நாடு. அங்கே கட்டடப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை வந்தது. 2013 ஏப்ரலில் ஆசிரியர்களின் வேலை நேர விதிகளை மாற்றுவதில் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சங்கத்துக்கும் உடன்பாடு வரவில்லை. நிர்வாகத் தரப்பு கதவடைப்புச் செய்தது, ஏறக்குறைய நான்கு வாரம் பள்ளிகள் முடங்கின. கடைசியில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை முடித்தது. அடுத்த ஆண்டே நீண்ட பள்ளி நாள் நடைமுறைக்கு வந்தது. தோற்ற கசப்போடு வகுப்பறைக்குத் திரும்பிய ஆசிரியர்கள்தான் அதை நடத்த வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து மதிப்பிட்டபோது மொழியிலும் கணக்கிலும் எதிர்பார்த்த முன்னேற்றம் தென்படவில்லை. அப்புறம் நாளைச் சுருக்கிக்கொள்ளப் பள்ளிகளுக்கு வழி திறந்துவிட்டார்கள்.

சிகாகோ கதையை நான் கூட்டங்களில் அதிகம் சொல்வேன், ஏனென்றால் அதில் தவறும் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது. 2011இல் மேயரான ராம் இமானுவேல் நீண்ட பள்ளி நாளைத் தன் முதல் வாக்குறுதிகளில் ஒன்றாக வைத்திருந்தார். அங்கே தொடக்கப் பள்ளி நாள் 5 மணி 45 நிமிடம்தான். அமெரிக்கப் பெருநகரங்களில் அது மிகக் குறைவு. அவர் கேட்டது ஏழரை மணி நேரம். பெற்றோர்களிலேயே ஒரு பகுதியினர் அது சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் என்றார்கள், 7 மணி நேரத்துக்கு இறங்கி வந்தார். ஆசிரியர்களோடு பேசி முடிக்கும் முன்பே, நேரத்தை உடனே நீட்டும் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் தருவதாக நிர்வாகம் அறிவித்தது. சங்கம் தொழிலாளர் வாரியத்துக்குப் போனது. 2012 ஜூலையில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: பிள்ளைகளின் நாள் நீளும், ஆசிரியரின் வேலை நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், இடைவெளியை நிரப்பக் கிட்டத்தட்ட 500 ஆசிரியர்களைக் கூடுதலாக எடுப்பார்கள். இசை, ஓவியம், உடற்பயிற்சி போன்ற பாடங்களுக்கு ஆள் கிடைத்தது. ஆனாலும் செப்டம்பரில் வேலைநிறுத்தம் வந்தது, 7 பள்ளி நாட்கள் போயின. சம்பளம், ஆசிரியர் மதிப்பீட்டு முறை, வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுப்பது என்று அதற்குக் காரணங்கள் பல. நீண்ட நாளைத் திணித்த விதமும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது. ஜூலையில் செய்ததை முதல் நாளே செய்திருந்தால் என்று எனக்கு எப்போதும் தோன்றும். எங்கள் கூட்டத்தில் அந்தக் கணக்கு ஆசிரியை கேட்ட கேள்விக்கான பதில் அந்த ஜூலை ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

பின்தங்கிய பள்ளிகளுக்கு முதலில்

இதற்கு ஃபுளோரிடா நல்ல உதாரணம். 2012இல் அந்த மாநிலம், வாசிப்பில் மிகவும் பின்தங்கிய 100 தொடக்கப் பள்ளிகளைக் கணக்கெடுத்து, அங்கே தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக வாசிப்பு மட்டும் சொல்லித்தர வேண்டும் என்று சட்டம் போட்டது. 2014இல் அதை 300 பள்ளிகளாக்கினார்கள். பட்டியலில் மயிரிழையில் சேர்ந்த பள்ளிகளையும் மயிரிழையில் தப்பிய பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், சேர்ந்த பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு கொஞ்சமானாலும் தெளிவாகக் கூடியிருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று சட்டமே சொல்லிவிட்டது. வாசிப்பு, அதுவும் வாசிப்பில் திறமை காட்டிய ஆசிரியரைக் கொண்டு. ஏழரை நிமிடமாகக் கரைய வழியே இல்லை. செலவும் கட்டுக்குள் இருக்கும், ஏனென்றால் எல்லாப் பள்ளிக்கும் போகவில்லை.

குறை என்று பார்த்தால், பட்டியலில் பெயர் வருவதே ஒரு முத்திரையாகிவிடுகிறது. "எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் தண்டனை மாதிரி?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு மதிப்பெண் ஏறினால் பள்ளி பட்டியலிலிருந்து வெளியே போகும், அந்த நேரமும் கூடவே போய்விடலாம். தேறியதற்குப் பரிசாக உதவி நின்றுபோவது நியாயமா?

விரும்பி வரும் பள்ளிகளோடு தொடங்குவது

மாசசூசெட்ஸில் கிறிஸ் கேப்ரியெலி, ஜெனிஃபர் டேவிஸ் இருவரும் 2000இல் மாசசூசெட்ஸ் 2020 என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இந்த விஷயத்தில் ஓர் இயக்கம் எப்படித் தலைமை ஏற்க வேண்டும் என்று படிக்க விரும்புகிறவர்கள் இவர்களைத்தான் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் சட்டம் வேண்டும் என்று இவர்கள் முதலில் கேட்கவில்லை. திட்டமிடுவதற்கே பணம் கேட்டார்கள். 2005இல் மாநில அரசு திட்டமிடல் மானியம் கொடுத்தது. விரும்பிய பள்ளிகள் ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசி, புதிய நாள் எப்படி இருக்கும் என்று எழுதிக் கொடுத்தன. 2006இல் 10 பள்ளிகள் தொடங்கின. ஆண்டுக்குக் குறைந்தது 300 மணி நேரம் கூடுதல், மாணவர் ஒருவருக்கு 1,300 டாலர். அந்தப் பணத்தில் ஆசிரியருக்குக் கூடுதல் ஊதியம், வெளி அமைப்புகளிலிருந்து கலை, விளையாட்டுப் பயிற்சியாளர்கள், ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் தயாரிக்கத் தனி நேரம் எல்லாம் அடங்கும். அடுத்த ஆண்டு நாடு முழுமைக்குமாக ஒரு தேசிய மையத்தையும் அவர்கள் தொடங்கினார்கள்.

முடிவுகள் எப்படி? ஃபால் ரிவர் நகரின் கஸ் நடுநிலைப் பள்ளி போன்ற சில இடங்களில் பெரிய மாற்றம் வந்தது. தொடர்ந்து பின்தங்கிய பள்ளி என்று மாநிலமே அறிவித்திருந்த பள்ளி அது. ஆனால் எல்லாப் பள்ளிகளையும் சேர்த்து நடத்திய சுதந்திரமான மதிப்பீட்டில் சராசரி மதிப்பெண் தெளிவாக உயரவில்லை. சோர்வாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதும் அதில் பதிவானது. பள்ளிக்குப் பள்ளி பெரிய வேறுபாடு. ஒரே பணம், ஒரே 300 மணி நேரம், ஆனால் பலன் வேறு வேறு. நேரத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அது எப்படி இருக்கும் என்று நான் ஒருமுறை நேரில் பார்த்தேன், வேறு ஓர் ஊரில். மாலை மூன்றரை மணி. ஒரு வகுப்பறையில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஐந்து பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்துப் பின்னத்தைக் காகிதத்தை மடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பையன் மூன்றில் ஒன்று நாலில் ஒன்றைவிடச் சிறியது என்றான், மூன்று சின்ன எண்தானே என்பது அவன் வாதம். அவர் திருத்தவில்லை. இரண்டு காகிதத்தையும் அவன் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னார். மடித்துப் பார்த்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், அப்புறம் பக்கத்துப் பெண்ணுக்கு அவனே விளக்க ஆரம்பித்தான். நாற்பது பிள்ளைகள் இருக்கும் காலை வகுப்பில் அந்த நான்கு நிமிடம் அவனுக்குக் கிடைத்திருக்காது. அடுத்த அறையில் அதே நேரத்தில் காலையில் எழுதிய பாடத்தையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே பள்ளி, ஒரே கூரை.

இந்த வழியின் பெரிய பலவீனம், எந்தப் பள்ளி முன்வரும் என்பது. சுறுசுறுப்பான தலைமையாசிரியர் இருக்கும் பள்ளிதான் விண்ணப்பம் எழுதும். தலைமையாசிரியர் பணியிடமே காலியாகக் கிடக்கும் பள்ளியிலிருந்து விண்ணப்பம் வராது, நேரம் அதிகம் தேவைப்படுவதோ அங்கேதான்.

மாலை நேரத்தை உரிமையாக்குவது

ஜெர்மனியில் பள்ளி மதியத்தோடு முடிவதுதான் நெடுநாள் வழக்கம். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வின் 2000ஆம் ஆண்டு முடிவுகள் அந்த நாட்டை உலுக்கின. பிள்ளையின் படிப்பு அவன் பிறந்த வீட்டைப் பொறுத்தே அமைகிறது என்று தெரிந்ததுதான் பெரிய அதிர்ச்சி. 2003இலிருந்து மத்திய அரசு 400 கோடி யூரோ கொடுத்து முழுநாள் பள்ளிகளுக்கு வேண்டிய இடவசதியைக் கட்டியது. எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டிய முழுநாள் பள்ளியும் உண்டு, விரும்பியவர் மட்டும் மாலையில் தங்கும் பள்ளியும் உண்டு. இரண்டாவதுதான் அதிகம் பரவியது, பெற்றோர்கள் அதைத்தான் எளிதாக ஏற்றார்கள். 2026 ஆகஸ்டில் தொடங்கி, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், பாட நேரத்தையும் சேர்த்து, சட்டப்படியான உரிமை என்று ஆக்கியிருக்கிறார்கள். படிப்படியாக நான்காம் வகுப்பு வரை அது விரியும்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். படிப்பைப் பொறுத்தவரை, மாலையில் தங்குவதால் மட்டும் மதிப்பெண் கூடவில்லை. ஆனால் தரமான இடத்தில் தொடர்ந்து தங்கிய பிள்ளைகளின் பழகும் விதம் மேம்பட்டது என்று அங்கே பல ஆண்டுகள் நடந்த ஆய்வு சொன்னது. விருப்பத்துக்கு விட்டால் காலைப் பாடமும் மாலை நிகழ்ச்சியும் ஒட்டாமல் போய்விடுகிறது என்பதுதான் என் தயக்கம். பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு ஆசிரியர் புதிதாக எதையும் நடத்த முடியாது.

பணத்தைப் பற்றி, சுற்றி வளைக்காமல்

2021 ஜூனில் இங்கிலாந்தின் கல்வி மீட்பு ஆணையர் கெவன் காலின்ஸ் பதவி விலகினார். பெருந்தொற்றில் இழந்த படிப்பை மீட்க, பள்ளி நாளை நீட்டுவது உட்பட அவர் வைத்த திட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 கோடி பவுண்டு தேவைப்பட்டது. அரசு அறிவித்தது 140 கோடி. அதன் பிறகு வாரத்துக்கு 32.5 மணி நேரமாவது பள்ளி நடக்க வேண்டும் என்று அரசு ஒரு குறைந்தபட்சத்தைச் சொன்னது. பல பள்ளிகள் ஏற்கெனவே அந்த அளவில்தான் நடந்துகொண்டிருந்தன. இழந்த படிப்பை மீட்க என்று பெரிதாகத் தொடங்கியது, கடிகாரத்தைச் சரிபார்க்கும் வேலையாகச் சுருங்கிப்போனது.

மெக்சிகோவில் நடந்தது இன்னும் வேதனை. 2007இல் தொடங்கிய முழுநேரப் பள்ளித் திட்டம் 25,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வளர்ந்தது. மிக ஏழ்மையான பகுதிகளில் பிள்ளைகளுக்கு அங்கேயே சாப்பாடும் கிடைத்தது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்கும் ஒரு திட்டமாகவே அது இருந்தது, அதன் நிதிக்குச் சட்டத்தில் உறுதி இல்லை. ஆட்சியின் முன்னுரிமை மாறியதும் 2022இல் நிறுத்திவிட்டார்கள். சில மாநிலங்கள் தம் சொந்தப் பணத்தில் தொடர்ந்தன. மற்ற இடங்களில் பிள்ளைகள் மதியமே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

சரி, எங்கள் முடிவு என்ன? மூன்றாவது வழியில் தொடங்கி, இரண்டாவது வழியின் நோக்கத்தை அதற்குள் வைப்பது. விரும்பி வரும் பள்ளிகளுக்கே முதல் வாய்ப்பு. ஆனால் இடங்களில் பெரும்பகுதியைப் பின்தங்கிய பள்ளிகளுக்கு ஒதுக்கிவிட வேண்டும், அவை விண்ணப்பம் எழுதுவதற்கே ஒரு திட்டமிடல் ஆண்டும் ஆளும் பணமும் கொடுக்க வேண்டும். மதிப்பெண் ஏறியதும் நேரம் பறிபோகாது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். நிதியை ஓராண்டு ஒதுக்கீடாக ஏற்காமல், பல ஆண்டுகளுக்குச் சட்டத்தில் பதியச் சொல்ல வேண்டும். மெக்சிகோவைப் பார்த்த பிறகு இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பள்ளிகள் இரண்டு ஷிப்டில் நடக்கும் நாட்டில் விரும்பும் பள்ளி நேரத்தை நீட்டவே முடியாது, மதிய ஷிப்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். அங்கே சிலியைப் போல எல்லோருக்குமான சட்டத்தையும் கட்டட நிதியையும் சேர்த்தே கேட்டாக வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடவும் வேண்டும். பெற்றோரின் வேலை நேரம்தான் முக்கியச் சிக்கல் என்றால் ஜெர்மனியின் உரிமை வழி பொருத்தம். அரசிடம் இருந்து ஒரு காசும் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் நேர நீட்டிப்பையே கேட்காதீர்கள். இருக்கும் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வீணாகிறது என்று இரண்டு வாரம் உட்கார்ந்து கணக்கெடுங்கள்: காலியான ஆசிரியர் பணியிடங்கள், ஆசிரியரை வேறு வேலைக்கு இழுக்கும் உத்தரவுகள், பாடவேளையைத் தின்னும் விழா ஒத்திகைகள். அதை மீட்கச் சொல்லிப் போராடுவதும் இதே இயக்கத்தின் வேலைதான்.

யாரை முதலில் பார்ப்பது என்பதும் ஒரு தேர்வு. அமைச்சரைப் பார்த்துவிட்டு ஆசிரியர் சங்கத்திடம் போனால், முடிவு எடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்க வருகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பது சரியும்கூட. நாங்கள் இரண்டாம் முறை தொடங்கியபோது சங்கத்திடம்தான் முதலில் போனோம், கையில் வரைவு எதுவும் இல்லாமல். மூன்று கூட்டம் அவர்கள் சொல்வதைக் கேட்டோம். நான்காவது கூட்டத்துக்கு அந்தக் கணக்கு ஆசிரியை ஒரு கால அட்டவணையோடு வந்தார். ஆசிரியர்களில் பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகப் போவார்கள், மீதிப் பேர் தாமதமாக வந்து தாமதமாகப் போவார்கள், நடுவில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் வாரம் இரண்டு முறை சேர்ந்து பாடம் தயாரிப்பார்கள். அதன்படி பார்த்தால் எங்களுக்கு வேண்டியது பள்ளிக்கு மூன்று கூடுதல் ஆசிரியர்கள், மாலை நேரத்துக்கு ஒரு பேருந்து. கோரிக்கை மனுவின் முதல் வரியில் இப்போது அந்த மூன்று ஆசிரியர்கள்தான் இருக்கிறார்கள், இரண்டாம் வரியில் பேருந்து. ஒரு மணி நேரம் என்பது மூன்றாவது வரியில் வருகிறது.